ஒரு பல்பு, ஒரு மின்கலம், ஒரு கம்பி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1960களில் உருவான தொடக்கநிலை அறிவியல் பாடத்திட்டம் ஒன்று, மின்சாரத்தை வரையறைகளிலிருந்து தொடங்காமல், குழந்தைகளின் கையில் 1.5 வோல்ட் மின்கலம், டார்ச் பல்பு, ஒரு துண்டுக் கம்பி ஆகியவற்றைக் கொடுத்து, பல்பை எரியவைக்கும் வழியை அவர்களே தேடும்படி விட்டது.

பல குழந்தைகள் முதலில் கம்பியின் ஒரு முனையை மின்கலத்தின் தலையிலும் மறுமுனையைப் பல்பின் அடியிலும் வைத்துப் பார்ப்பதற்கு, குழாயில் தண்ணீர் வருவதுபோல் ஒரு வழி இருந்தாலே போதும் என்ற எண்ணமே காரணம். ஆனால், பல்புக்குள் இருக்கும் மெல்லிய டங்ஸ்டன் இழையின் ஒரு கால் அடியிலுள்ள உலோகப் பொட்டோடும், மற்றொன்று திருகு வரிகள் கொண்ட பக்கவாட்டு உலோகத்தோடும் இணைந்திருப்பதால், மின்னோட்டம் கலத்தின் ஒரு முனையிலிருந்து புறப்பட்டு இழை வழியாக மறுமுனைக்குத் திரும்பும் முழு வளையம், அதாவது மின்சுற்று, அமைந்தால்தான் வெளிச்சம் வரும். கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் நேரே இணைத்துவிடும் பிள்ளைக்கு விரல் சுடும். உடனே கையை எடுக்கச் சொல்லிவிட்டுக் 'குறுக்குச்சுற்று' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுத அதைவிடப் பொருத்தமான தருணம் ஆசிரியருக்கு வாய்க்காது. இவற்றை வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கில் செருகிப் பார்க்கவே கூடாது என்பதை மட்டும் முன்னதாகவே கண்டிப்புடன் சொல்லியாக வேண்டும்.

இதைச் சிறுபிள்ளை விளையாட்டென்று ஒதுக்கவும் முடியாது. 1997இல் வெளியான 'மைண்ட்ஸ் ஆஃப் அவர் ஓன்' என்ற ஆவணப்படத்தில், பட்டமளிப்பு நாளன்று அங்கியோடு நின்ற பட்டதாரிகள் சிலரே இந்த மூன்று பொருள்களோடு தடுமாறினர்.