ஆறடி லேத்தில் ஐந்து சிலிண்டர்

சங்கராபுரம் பக்கம் ஏதாவது ஒரு லேத் பட்டறை வாசலில் அரைமணி நேரம் நின்றால் சுற்றுவட்டாரத்துப் பிழைப்பு முழுக்கக் கண்ணில் பட்டுவிடும். கரும்பு ஜூஸ் மிஷினின் தேய்ந்த ரோலர், போர்வெல் மோட்டார் ஷாஃப்ட், டிராக்டர் பின், ரைஸ் மில் புஷ் என்று எல்லாம் தேய்ந்தோ ஒடிந்தோ வந்தவை. டர்னர் ஷாஃப்டை அளப்பார், அதற்குத் தக்கபடி புஷ் கடைவார், தட்டி ஏற்றிக் கொடுப்பார். அந்தப் புஷ் உலகத்தில் வேறெந்த ஷாஃப்டுக்கும் சேர வேண்டியதில்லை. ஜோடி சேர்ந்தால் வேலை முடிந்தது.

அதே ஆறடி லேத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு ரேடியல் இன்ஜினையும் கடையலாம். மாதிரிப் பொறிகளைத் தாமே செய்கிறவர்களுக்கென்று லண்டனில் 1898லேயே ‘மாடல் இன்ஜினியர்’ பத்திரிகை தொடங்கிவிட்டது. வீட்டுப் பட்டறையில் பொறி செய்யும் பித்து அவ்வளவு பழையது. ரிப்பேர் வேலைக்குப் பழகிய கை இங்கே புதிதாக ஒன்றைக் கற்க வேண்டும்: எதெல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தாக வேண்டும், எதெல்லாம் தன் ஜோடிக்குச் சேர்ந்தால் போதும்.

முதலில் இன்ஜின். பைக் இன்ஜினில் ஒரு சிலிண்டர், காரில் நாலு வரிசையாக. ரேடியலில் சிலிண்டர்கள் சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள் மாதிரி நடுவிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் காற்று நேரே அடிப்பதால் தண்ணீரும் ரேடியேட்டரும் வேண்டாம், எடை குறையும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சங்கராபுரம் இருக்கும் இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்து உளுந்தூர்பேட்டையில் விமான ஓடுதளம் போட்டார்கள். அந்தக் காலத்துப் பெரிய விமானங்கள் பலவற்றின் மூக்கிலும் இறக்கையிலும் இருந்தது ரேடியல்தான். பழுதுபார்க்கப்பட்டு 2018ல் நம் விமானப்படைக்கு வந்து சேர்ந்த ‘பரசுராமா’ என்ற டகோட்டா விமானத்தில் இப்படி இரண்டு இன்ஜின்கள்; ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர், 30 லிட்டர் கொள்ளளவு, சுமார் 1,200 குதிரைத்திறன்.

நாலு ஸ்ட்ரோக் ரேடியலில் ஒரு வரிசைக்கு ஒற்றைப்படை எண்ணில்தான் சிலிண்டர் வைப்பார்கள். வட்டமாக உட்கார்ந்த ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவரை விட்டு ஒருவருக்குச் சுண்டல் கொடுத்துக்கொண்டே போங்கள்: 1, 3, 5, பிறகு 2, 4. இரண்டு சுற்றில் எல்லார் கையிலும் சுண்டல், யாருக்கும் இரண்டாவது தடவை இல்லை. நாலு ஸ்ட்ரோக்கிலும் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு, கணக்கு சரியாக உட்கார்கிறது. ஆறு பிள்ளைகள் என்றால் 1, 3, 5 மட்டுமே திரும்பத் திரும்ப வாங்கும், மற்ற மூன்றும் அழ வேண்டியதுதான். டகோட்டாவின் 14 இரட்டைப்படை ஆயிற்றே என்றால், அது முன்னும் பின்னுமாக இரண்டு ஏழு.

நம் கணக்குக்கு 24 மி.மீ. போர், 24 மி.மீ. ஸ்ட்ரோக், ஐந்து சிலிண்டர். மொத்தம் 54 சி.சி., ஸ்பிளெண்டர் வண்டியில் பாதிக்குச் சற்று மேல்.

கிராங்க்கேஸ் அலுமினியத் துண்டிலிருந்து வருகிறது. அதில் ஐந்து தட்டையான முகங்கள், முகத்துக்கு ஒரு துளை, முகத்துக்கு முகம் 72 டிகிரி. இங்கே ஜோடி பார்த்துச் சரிக்கட்ட முடியாது, எல்லாம் ஒன்றுபோல்தான் வர வேண்டும். மார்க்கிங் போட்டு சென்டர் பஞ்ச் அடித்து வருகிற துல்லியம் போதாது. டிவைடிங் ஹெட்டில் கட்டினால் கைப்பிடியை 40 சுற்று சுற்றும்போது ஜாப் ஒரு சுற்று திரும்பும். ஐந்தில் ஒரு பங்குக்கு எட்டே சுற்று. ஏழு சிலிண்டர் என்றால் ஐந்து சுற்றோடு, 21 துளை வட்டத்தில் இன்னும் 15 துளை நகர்த்த வேண்டும். மூன்றாவது முகத்தில் டீ குடிக்கப் போய் வந்தால் எண்ணிக்கை தப்பும். கைப்பிடியை எப்போதும் ஒரே பக்கமாகத்தான் திருப்ப வேண்டும். கூடுதலாகப் போய்விட்டால் நன்றாகப் பின்னால் இழுத்துத் திரும்ப வர வேண்டும், இல்லாவிட்டால் கியரின் லூஸ் அடுத்த முகத்தில் போய் உட்காரும்.

அடுத்தது கனெக்டிங் ராடு. ஐந்து ராடும் கிராங்க்கின் ஒரே பின்னில் நேராக ஏற இடமில்லை. ஒன்று மட்டும் மாஸ்டர் ராடு. கிராங்க் பின்னைச் சுற்றிய அதன் பெரிய தலையில் நாலு சின்ன பின்கள், அவற்றில் மற்ற நாலு ராடுகள் தொங்கும். புதிதாகச் செய்பவர்கள் நீளத்தைத்தான் பயந்து பயந்து அளப்பார்கள். எனக்கு அது வீண் பயம் என்றே படுகிறது. அமுக்க விகிதம் 6 என்று வைத்தால், ராடு நீளம் 50 மைக்ரான் மாறினாலும் மேலே மிச்சமிருக்கும் இடம் 1 சதவீதம்தான் மாறும். இரண்டு முனைத் துளைகளும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால்தான் வினை: பிஸ்டன் சிலிண்டருக்குள் சாய்ந்து ஒரு பக்கமாக உரசும், கையால் சுற்றினாலே பிடிக்கும்.

அதற்கு ஒரு இரும்புத் தகட்டு ஜிக் போதும். நாலு ராடுக்கும் ஒரு முனையில் துளை போட்டு 5 மி.மீ. ரீமர் ஓட்டிக்கொள்ள வேண்டும். ஜிக்கில் ஒரு 5 மி.மீ. பின் நட்டு, முதல் துளையை அதில் மாட்டி, இரண்டாவது துளையைப் போட வேண்டும். நாலு ராடும் முடியும் வரை மிஷின் டேபிளைத் தொடக்கூடாது. நீளமும் இணைத்தன்மையும் ஒரே செட்டிங்கில் கிடைத்துவிடும்.

சிலிண்டருக்கு வந்தால் நம்மூர் டர்னரின் பழைய பழக்கம் திரும்பவும் கைகொடுக்கிறது. ஐந்து போரும் 24.00 என்று வர வேண்டிய கட்டாயமில்லை. ஒன்று 24.01 வந்தால் வரட்டும், அதன் பிஸ்டனை அதற்கேற்பக் கடைந்து இரண்டிலும் ஒரே எண்ணைக் குத்திவிடலாம். கவனம் வேண்டியது இடைவெளியில். 150 டிகிரி சூடு ஏறினால் 24 மி.மீ. அலுமினிய பிஸ்டன் சுமார் 83 மைக்ரான் விரியும், எஃகு சிலிண்டர் 41தான் விரியும். வித்தியாசம் தலைமுடித் தடிமனில் பாதிக்கு மேல். அந்த இடத்தை முன்கூட்டியே விடாவிட்டால் இன்ஜின் ஓடிச் சூடானதும் இறுகி நிற்கும். பழகுகிற காலத்தில் நான் ஒரு சிலிண்டரைப் போர் போட்ட சூட்டோடு அளந்து, அளவு வந்துவிட்டது என்று நம்பினேன். மறுநாள் ஆறியபின் 10 மைக்ரான் குறைவு. டர்னர் நக்கலாகச் சிரித்தார்: “சூட்டுல அளக்காதீங்க சார், ஜாப் பொய் சொல்லும்.”

வால்வு இன்னொரு சோதனை. 3 மி.மீ. தண்டை முழு நீளமும் நீட்டிப் பிடித்துக் கடைந்தால் டூல் தொட்டதும் வளைந்து, வெளி முனையில் தடித்து, அவுட் ஓடும். ஒரு சென்டிமீட்டர் வெளியே இழுத்து அதை ஒரே கட்டில் முழு அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு அடுத்த சென்டிமீட்டரை இழுக்க வேண்டும்.

வால்வைத் தூக்கும் கேம் ஒரு வளையம். ஐந்து சிலிண்டருக்கும் சேர்த்து அதில் இரண்டே மேடுகள் போதும், கிராங்க்குக்கு எதிர்த்திசையில் கால் வேகத்தில் சுற்றும். கிராங்க் 144 டிகிரி கடந்து 3ஆம் சிலிண்டரின் முறை வருவதற்குள் கேம் எதிர்ப்பக்கம் 36 டிகிரி நகர்ந்திருக்கும். எதிரே இருந்த மேடு சரியாக 3ஆம் சிலிண்டரின் கீழே வந்து நிற்கும். காகிதத்தில் வரைந்து பார்த்தால்தான் நம்பிக்கை வரும், நானும் அப்படித்தான் நம்பினேன்.

எல்லாம் பூட்டி ஓட விட்டபின் ரேடியலுக்கே உரிய ஒரு தொல்லை மிச்சம். இரண்டு சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. ராத்திரி முழுக்க ஆயில் கசிந்து அங்கே சேரும். திரவம் அமுங்காது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் ராடு வளையும். டகோட்டாவைக் கிளப்புமுன் ஆட்கள் புரொப்பெல்லரைக் கையால் இழுத்துச் சுற்றியது இதைச் சோதிக்கத்தான். 54 சி.சி. குட்டிக்கும் அதே மரியாதை உண்டு: காலையில் கீழ்ச் சிலிண்டர்களின் பிளக்கைக் கழற்றி, அடியில் ஒரு பழைய தினத்தந்தியை விரித்து, புரொப்பெல்லரை விரலால் மெதுவாகச் சுற்ற வேண்டும், கறுப்பு ஆயில் சொட்டி நிற்கும் வரை.