விபத்தும் அநாதைகளின் உரிமையும்

பண்ணைப் பாதையில் மோட்டார் சைக்கிள் மோதி ஒருவர் வஃபாத்தானால், "அல்லாஹ்வின் கத்ர், வழக்கெதற்கு?" என்று பெரியவர்கள் சமரசம் பேசுவதுண்டு. கத்ரை நம்புவது ஈமான்தான். ஆயினும் தவறுதலாக நேர்ந்த கொலைக்கும் தியத்தை விதிக்கும் ஸூரத்துன் நிஸாவின் 92ஆம் வசனம், அதை விட்டுக்கொடுக்கும் உரிமையை இறந்தவரின் குடும்பத்தாருக்கே அளிக்கிறது. பருவமடையாத பிள்ளையின் பங்கையோ பெரியப்பாவும் மன்னிக்க முடியாது, பள்ளி நிர்வாகமும் மன்னிக்க முடியாது.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயமாகும். ஆகவே, "பாவம், ஏழைப் பையன்" என்று தயங்குவோர், தொகையைச் செலுத்தும் கடமை காப்புறுதி நிறுவனத்துக்கு உண்டென்பதை அறிய வேண்டும். வழக்கு பற்றி அந்நிறுவனத்துக்கும் அறிவித்தல் கொடுக்க வேண்டும்.

ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றில் சாரதிக்குத் தண்டம் விதித்ததோடு யாவும் முடிந்ததென எண்ணாதீர்கள். அது குற்ற வழக்கு. நட்டஈட்டு வழக்கு மாவட்ட நீதிமன்றில் தனியே தொடரப்படுவது. 1871ஆம் ஆண்டின் சட்டம் அதற்குப் பொதுவாக இரண்டே ஆண்டுகள் தருகிறது. (இத்தாவிலிருக்கும் விதவைக்காக அவளுடைய சகோதரர் சட்டத்தரணியைச் சந்திப்பதற்குத் தடையேதுமில்லை.)

இளைஞர்களே! அனுமதிப்பத்திரமில்லாத தம்பி ஓட்டியதை அண்ணன் ஓட்டியதாகப் பொலிஸில் சொல்லிப் பெறும் பணம் ஹராம்.