புது கார் பெயின்ட்டில் ஆரஞ்சுத் தோல்! தேய்ச்சா பளபளக்குமா, பல்லிளிக்குமா?

கோவை:
கடனை உடனை வாங்கி ஆசையாக எடுத்த புது கார். வெயிலில் நிறுத்திக் கதவை உற்றுப் பார்த்தால், ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி பொடிப் பொடியாக மேடு பள்ளம். டியூப் லைட் வெளிச்சம் பட்டால் கோடு நேராகத் தெரியாமல் நெளிகிறது. 'பெயின்ட் சரியில்லையோ' என்று பதறிப் பட்டறைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. தேய்க்கச் சொல்லிவிட்டு, அப்புறம் கையைப் பிசைகிறவர்களும் உண்டு.

பட்டறை பாஷையில் இதற்குப் பெயர் 'ஆரஞ்சு பீல்'.

ஏன் வருது?

தொழிற்சாலையில் பெயின்ட் நுண்ணிய துளிகளாகப் பறந்து வந்து தகட்டில் விழும். துளிகள் ஒன்றோடு ஒன்று கலந்து, சமமாகப் பரவிய பிறகே இறுக வேண்டும். அதற்குள் இறுகிவிட்டால் மேடு பள்ளம் அப்படியே நின்றுவிடும்.

லேசான ஆரஞ்சு பீல் விலை உயர்ந்த கார்களிலும் இருக்கும். இதனால் துருப் பிடிக்காது, பெயின்ட்டும் உரியாது. பார்வைக்குத்தான் குறை.

பாதி பேப்பர் கனம்தான்!

தகட்டின் மேல் துரு தடுக்கும் பூச்சு, பிரைமர், கலர், கடைசியில் கண்ணாடி போன்ற கிளியர் கோட் என அடுக்கடுக்காகப் பூசுகிறார்கள். எல்லாம் சேர்த்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு ஜெராக்ஸ் பேப்பரின் கனமே சுமார் 100 மைக்ரான்!

இதில் கிளியர் கோட் மட்டும் சுமார் 35 முதல் 50 மைக்ரான். அதாவது பாதி பேப்பர். வெயிலில் கலர் வெளுக்காமல் காப்பது இதுதான். ஆரஞ்சு பீல் போகத் தேய்ப்பதும் இதைத்தான்.

எப்படி செய்யணும்?

முதலில் காரை நன்றாகக் கழுவ வேண்டும். பெயின்ட் கனம் அளக்கும் மீட்டரை வைத்து ஒவ்வொரு பகுதியையும் அளந்து குறித்துக் கொள்ள வேண்டும். மீட்டர் மொத்தக் கனத்தைத்தான் காட்டும். நடுநடுவே அளந்தால் எவ்வளவு தேய்ந்தது என்று தெரியும்.

ஓரங்கள், மடிப்புகளில் பெயின்ட் மெல்லிசாக இருக்கும். அங்கே டேப் ஒட்டிவிட வேண்டும். 2000 நம்பர் வாட்டர் பேப்பரை சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மெத்தென்ற கட்டையில் சுற்றி, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். அடிக்கடி துடைத்துப் பார்க்கணும். பிறகு 3000 நம்பர். கடைசியில் காம்பவுண்ட் போட்டு பஃபிங், பாலீஷ்.

வழியும் தண்ணீர் பால் மாதிரி இருந்தால் கிளியர் கோட் தேய்கிறது. காரின் கலர் கலந்து வந்தால் கிளியர் கோட்டைத் தாண்டியாச்சு! வெள்ளைக் காரில் இந்த அடையாளமும் தெரியாது. கூடுதல் உஷார் தேவை.

கை மீறினால்?

கிளியர் கோட் போய்விட்டால் எந்த பாலீஷும் காப்பாற்றாது. அந்தப் பகுதிக்கே புதுசாக பெயின்ட் அடிக்கணும். வாரண்டி கிடைக்காமல் போகலாம். செலவு சில நேரம் தேய்த்த தொழிலாளி தலையிலேயே விடியும்.

எனவே, ஆரஞ்சு பீல் ரொம்ப மோசம் என்று தோன்றினால் முதலில் கார் வாங்கிய ஷோரூமில் காட்டுவதே நல்லது. தேய்த்த பிறகு போனால் பேச வழி இருக்காது. பட்டறையில் விடுவதாக இருந்தால் மீட்டர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்க. பள்ளம் முழுசும் போகணும் என்று அடம்பிடிக்காமல், பாதி குறைந்தாலே நிறுத்திக் கொள்வது புத்திசாலித்தனம்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கும் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மூன்று கதவில் ஆரஞ்சு பீல் இருந்து, ஒரு கதவு மட்டும் கண்ணாடி மாதிரி வழவழத்தால், அது தேய்த்ததாகவோ, மறுபடி பெயின்ட் அடித்ததாகவோ இருக்கலாம். அடிபட்ட வண்டியா என்று விசாரித்த பிறகே அட்வான்ஸ் கொடுங்க!