குங்கிலியமும் குக்குலுவும்

தமிழில் 'குங்கிலியம்' என்னும் ஒரு சொல் இருவேறு மரப்பிசின்களைக் குறித்து வழங்குகின்றது. ஒன்று, நறும்புகைக்கு இடும் சால மரத்தின் பிசின். மற்றொன்று, இராசத்தான், குசராத்து ஆகியவற்றின் வறண்ட நிலங்களில் வளரும் முட்செடியின் பிசின். இதனை வடநூலார் குக்குலு என்பர். நாட்டு மருந்துக் கடைகளில் மைசாட்சி எனப்படும்.

உடற்கொழுப்பு மிகுதலான் வரும் நோய்க்குக் குக்குலு மருந்தாதலைச் சுசுருத சங்கிதை கூறும். அக்கூற்றை அடியொற்றிக் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் முயல்களைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வு, இப்பிசின் குருதிக் கொழுப்பைக் குறைத்தல் கண்டு 1966-இல் ஆய்வேடாக வெளிப்பட்டது. இதன்கண் உள்ள குக்குல்சுடீரோன் என்னும் பொருளே அவ்வாற்றலுக்குக் காரணம் எனக் கருதப்பட்டது. ஆயினும், அமெரிக்க நாட்டில் 103 பேரிடம் எட்டு வாரம் நிகழ்த்திய ஆய்வு 2003-இல் மாறுபட்ட முடிவைத் தந்தது. பிசினிலிருந்து பிரித்த மருந்தை உண்டோர்க்குத் தீய கொழுப்புக் குறையவில்லை, சிறிது கூடிற்று. சிலர்க்குத் தோலில் தடிப்பும் தோன்றிற்று.

ஆதலின், நூற்சான்று ஆய்வுக்குத் தோற்றுவாய் ஆகுமேயன்றி முடிவாகாது. பெயரொற்றுமை கொண்டு பொருளும் ஒன்றெனக் கொள்ளுதலோ அதனினும் தீது. அகராதி தொகுப்போர் மருந்துப் பெயர் ஒவ்வொன்றற்கும் உரிய மரத்தை வரையறுத்துக் காட்டுதல் வேண்டும். பாட்டுரையில் நேரும் பிழையைப் பின்வருவோர் திருத்தலாம்; மருந்தில் நேரும் பிழையை நோயாளியன்றோ தாங்க வேண்டும்!