மணலுக்குள்ளே ஒரு மஞ்சம்

மீனுக்கு இமையில்லை, ஆகவே அதற்கு உறக்கமும் இல்லை என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். வீட்டிலே கடல்நீர்த் தொட்டி அமைத்து முருகைக்கற்பாறை மீன்களை வளர்ப்போர் இதனைக் கேட்டால் நகைப்பர். அவர்களது தொட்டியில் வாழும் சில மீன்கள், மாலையானதும் மணலைத் துளைத்து உட்புகுந்து, போர்வை போர்த்தாற்போல் அதனால் தம்மை மூடிக்கொண்டு விடியும்வரை துயில்கின்றன.

ஆங்கிலத்தில் ‘ராஸ்’ எனப்படும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை இவை. அக்குடும்பத்தில் 500க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. எல்லாமே மணலில் துயில்வதில்லை. சில பாறை இடுக்குகளை நாடும். ‘ஹலிகோரெஸ்’, ‘கோரிஸ்’ முதலிய பிரிவுகளில் அடங்குவனவே மணலை மஞ்சமாகக் கொள்பவை.

பிழையால் பெற்ற பாடம்

இதனை நாம் அறிந்துகொண்டது ஒரு பிழையின் வாயிலாகவே. கொழும்பிலுள்ள நண்பரொருவர் ஒரு நாள் பிற்பகல் விரல் நீள மீனொன்றை வாங்கிவந்து தமது தொட்டியில் விட்டார். முதுகு எலுமிச்சை மஞ்சள், வயிறு வெண்மை. பிள்ளைகள் கண்ணாடியருகே குனிந்து பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அது மறைந்துவிட்டது. அன்றும் மறுநாளும் அதனைக் காணவில்லை. “மீன் செத்துப்போயிற்று” என்று இளைய மகள் அழத் தொடங்கினாள். செத்த மீன் அழுகினால் நீர் கெடும். மற்ற மீன்களுக்கும் ஆபத்து. ஆகவே மணலைக் கிளறிப் பார்க்குமாறு ஆலோசனை கூறியவர் நாமே.

குச்சியை விட்டுக் கிளறியபோது, ஒரு மூலையிலிருந்து மஞ்சள் மின்னலொன்று பாய்ந்தது. உயிரோடிருந்த மீன் வெருண்டு கல்லில் மோதி விலாவிற் காயமுற்றது. மூன்றாம் நாள் அது மாண்டது. அதனைக் கொன்றது மணலன்று, நமது அவசரமே.

துயிலும் விதம்

இம்மீன்கள் படுக்கைக்குப் போகும் காட்சி காணத்தக்கது. ஒளி குன்றத் தொடங்கியதும் மீன் அடித்தளத்தை ஒட்டி நீந்தி இடம் தேடும். பின்னர் தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, வாலை விரைந்து அசைத்து, நொடிப்பொழுதில் மணலுள் மறைந்துவிடும். மணிகளுக்கிடையே நீர் நிரம்பியிருப்பதால் அங்கும் அதற்குச் சுவாசிக்க முடிகின்றது.

கடலிலே இரவு வேட்டையாடும் பகைவர் பலர். அவர்தம் கண்ணிற் படாதிருக்க மணல் நல்ல மறைவிடம். இவற்றின் நெருங்கிய உறவான கிளிமீன்களுட் சில வேறு வழியைக் கையாளுகின்றன. தம் உடலிலிருந்து சுரக்கும் வழுவழுப்பான பொருளால் கூடொன்றமைத்து அதனுள் துயில்கின்றன. இரவில் இரத்தம் உறிஞ்ச வரும் சிறு கடற்பூச்சிகளைத் தடுக்கும் நுளம்பு வலையாக அக்கூடு பயன்படுவதை 2011இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

உள்ளிருக்கும் கடிகாரம்

விளக்கு அணையுமுன்னரே படுக்கைக்குச் செல்லும் இம்மீனுக்கு நேரத்தை அறிவிப்பவர் யார்? இவ்வினத்து மஞ்சள் மீனொன்றை ஆராய்ந்தோர் 2000ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். இரவுபகல் வேறுபாடின்றி ஒரே மங்கல் ஒளியில் வைத்தபோதும், ஏறத்தாழ ஒரு நாள் அளவான ஓய்வும் விழிப்பும் அதனிடம் மாறி மாறி நிகழ்ந்தன. கடிகாரம் மீனின் உள்ளேயே இருக்கின்றது. வெளிச்சம் அதனைத் திருத்தி அமைக்கின்றது.

இலங்கைக் கடலிலிருந்து அலங்கார மீன்கள் பல நாடுகளுக்கு அனுப்பப்படுகின்றன. மாரிகாலத்தில் இலண்டனில் நண்பகல் 12 மணியாகும்போது கொழும்பில் மாலை 5.30. இங்கிருந்து போன மீன் அங்கே நடுப்பகலில் மணலுக்குள் ஒளிந்தால் அது நோயன்று. ஊர் மாறியும் அதன் கடிகாரம் இன்னும் மாறவில்லை, அவ்வளவே. தொட்டியின் விளக்கை நாள்தோறும் குறித்த நேரத்தில் ஏற்றி அணைத்து வந்தால், சில நாட்களில் அது புதிய பொழுதுக்குப் பழகிக்கொள்ளும்.

வளர்ப்போர் கவனத்திற்கு

இம்மீனை வளர்க்க விரும்புவோர் முதலில் அதன் படுக்கையை ஆயத்தம் செய்தல் வேண்டும். மென்மையான நுண்மணல் 3 அல்லது 4 அங்குல ஆழத்திற்கு இருத்தல் நன்று. கூரிய முருகைக்கல் துண்டுகள் உடலைக் கீறிவிடும். பாரமான கற்களை முதலில் தொட்டியின் அடியில் உறுதியாக வைத்து, அதன் பின்னரே மணலைப் பரப்ப வேண்டும். மணலின்மேற் கல்லை வைத்தால், மீன் தோண்டும்போது அது சரிந்து வீழலாம். வெருண்டால் நீருக்கு வெளியே துள்ளும் இயல்பும் இதற்குண்டு. ஆதலால் வலை மூடி அவசியம்.

புதிய மீன் சில நாட்கள், சிலவேளை ஒரு கிழமைகூட, வெளிவராதிருக்கலாம். ஐயமுண்டாயின் மணலைக் கிளறாது நீரைச் சோதியுங்கள். மீன் இறந்து அழுகினால் நீரில் அமோனியா மிகுதல் கூடும். அது மிகாதிருக்குமாயின் பொறுத்திருத்தலே முறை.

நண்பர் சில மாதங்களின் பின் அதேபோன்ற மீனொன்றை மீண்டும் வாங்கினார். அதுவும் வந்தவுடன் மறைந்தது. இம்முறை எவரும் மணலைத் தொடவில்லை. ஐந்து நாட்கள் கழிந்தன. ஆறாம் நாள் காலை, பாடசாலைக்குப் புறப்பட்டு நின்ற இளைய மகள் கூவிய குரல் கேட்டு அனைவரும் ஓடிச்சென்றனர். மணலுக்கு மேலே ஒரு சிறு மஞ்சள் தலை தெரிந்தது. சிறிது நேரம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மீன் வெளியே வந்து இரை தேடத் தொடங்கியது.

உறங்குகின்றவரைத் தட்டி எழுப்பலாகாது என்பர் நம் வீட்டுப் பெரியோர். அவ்வறிவுரை மீனுக்கும் பொருந்துமென்பதை ஓர் உயிரை இழந்தே நாம் கற்றோம். வாசகர்கள் அவ்விலை கொடாமலே கற்றுக்கொள்வார்களாக.