பரணில் கிடக்கும் முகவரிகள்

ஒரு கம்ப்யூட்டர் தன் ஆயுளை முடித்துக்கொண்டு பரணுக்குப் போகும்போது, அதிலிருந்த கல்யாணப் போட்டோக்களைப் பற்றியும் கணக்கு வழக்குகளைப் பற்றியும் குடும்பத்தார் படுகிற கவலையில் நூறில் ஒரு பங்கைக்கூட, அதன் பிரவுசரில் வருஷக்கணக்காகச் சேர்ந்து கிடக்கும் புக்மார்க்குகளுக்காக யாரும் படுவதில்லை. போட்டோவின் பிரதி மாமா வீட்டு ஆல்பத்தில் இருக்கும். கணக்கின் நகல் ஆடிட்டரிடம் அகப்படும். ஆனால் நள்ளிரவில் ஏதோ ஒன்றைத் தேடப் போய், அதற்குச் சம்பந்தமே இல்லாத ஓர் அபூர்வமான பக்கத்தைக் கண்டு, பிறகு சாவகாசமாகப் படிக்கலாம் என்று ஒருவர் குறித்து வைத்த முகவரிக்கு வேறெங்கும் பிரதி கிடையாது. ஒரு மனிதர் படித்து முடித்தவற்றின் ஜாபிதாவைக் காட்டிலும், அவர் படிக்க ஆசைப்பட்டவற்றின் ஜாபிதாவே அவருடைய ருசியைத் திட்டமாகக் காட்டிக்கொடுக்கும் என்பது என் அபிப்பிராயம்.

பெட்டி ஓடவில்லை என்றால் அதிலிருந்த சகலமும் போய்விட்டது என்று எண்ணுவது பரவலாக உள்ள ஒரு மயக்கம். பெரும்பாலும் உயிரை விடுவது பவர் சப்ளையோ மதர்போர்டோதான். உள்ளே நான்கு திருகாணிகளில் பொருந்தியிருக்கும் ஹார்டு டிஸ்க் ஒரு குறையுமின்றி இருக்கக்கூடும். அகலமான தட்டை நாடாவும் நாற்பது ஊசிகளும் கொண்டதாக இருந்தால் அது பழைய ஐ.டி.இ. ஜாதி, 2003-ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்த சன்னமான இணைப்புக் கொண்டது சாட்டா. இரண்டையும் யு.எஸ்.பி. வழியாக இன்றைய கம்ப்யூட்டரோடு இணைக்கும் அடாப்டர்கள் சென்னை ரிச்சி தெருவில் சகஜமாகக் கிடைக்கின்றன. வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: மேஜைக் கம்ப்யூட்டரின் மூன்றரை அங்குல டிஸ்க்குக்குப் பன்னிரண்டு வோல்ட் மின்சாரம் தேவை; யு.எஸ்.பி. தருவதோ ஐந்து வோல்ட். ஆகையால் தனி மின்சாரச் செருகி உள்ள அடாப்டரையே கேட்டு வாங்க வேண்டும். லேப்டாப்பின் இரண்டரை அங்குல டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை இல்லை.

இணைத்தவுடன் டிஸ்க் சீராகச் சுழலும் ஓசை கேட்டால் பாதி வேலை முடிந்ததென்று கொள்ளலாம். அப்படியின்றி ‘டக் டக்’ என்று தட்டும் ஓசை விட்டுவிட்டு வருமானால், அந்த க்ஷணமே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதில் வேறு முக்கியமானவையும் இருந்தால், டேட்டா மீட்கும் தொழிலில் தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே விவேகம். மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பது மிச்சமிருப்பதையும் சுரண்டி எடுத்துவிடும். ‘ஃபார்மேட் செய்யட்டுமா?’ என்று விண்டோஸ் கேட்டால், எத்தனை பணிவாகக் கேட்டாலும், வேண்டாம் என்றே சொல்ல வேண்டும்.

இனி எங்கே தேடுவது? இன்டர்நெட் எக்ஸ்புளோரர் தன் புக்மார்க்குகளை ‘ஃபேவரிட்ஸ்’ என்ற ஃபோல்டரில், ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பாக வைத்திருக்கும்; எக்ஸ்.பி. காலத்துப் பெட்டியானால் ‘டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ என்பதற்குள் உரியவரின் பெயரில் அது இருக்கும். அனுமதி இல்லை என்று விண்டோஸ் முதலில் முறைத்தாலும், ‘கன்டினியூ’ என்பதை அழுத்திவிட்டுக் காத்திருந்தால் பெரும்பாலும் வழிவிடும். ஃபயர்ஃபாக்ஸ், 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல், எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளக் கோப்பில் அடக்கிவிட்டது. அதன் அருகிலேயே ‘புக்மார்க்பேக்கப்ஸ்’ என்ற ஃபோல்டரில் தேதி வாரியான பிரதிகளும் இருக்கும். அவற்றை ‘ரெஸ்டோர்’ செய்தால் இப்போதுள்ள புக்மார்க்குகள் அழிந்து பழையவை அவற்றின் இடத்தில் அமரும் என்பதை அறியாமல் அவசரப்பட்டு, புதியதை இழந்தவர்கள் உண்டு. ஆகவே முதலில் புதிதாக ஒரு புரொஃபைல் உண்டாக்கி, அதிலே பழையவற்றை இறக்கி, எச்.டி.எம்.எல். கோப்பாக எக்ஸ்போர்ட் செய்துகொள்வதே உத்தமம். குரோமுக்கும் இதே உபாயம் செல்லும். அதன் புக்மார்க் கோப்புக்கு வால்பெயர்கூடக் கிடையாது, நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். அதில் ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே காணும் நீண்ட எண், 1601-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து கணக்கிட்ட மைக்ரோ விநாடிகள் என்பது ஒரு வேடிக்கை. அக்பர் சக்கரவர்த்தி உயிரோடிருந்த காலத்திலிருந்து குரோம் கணக்கு வைக்கிறது. இன்னொரு வேடிக்கை: இன்று எந்த பிரவுசர் எக்ஸ்போர்ட் செய்யும் எச்.டி.எம்.எல். கோப்பானாலும், அதன் முதல் வரியில் எப்போதோ மறைந்துபோன நெட்ஸ்கேப் பிரவுசரின் பெயர்தான் நிற்கிறது.

எனக்குப் பரிச்சயமான ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருடைய டிஸ்க்கை இவ்விதம் திறந்தபோது, ஃபேவரிட்ஸ் முழுவதும் ஐரோப்பிய எழுத்துகளுக்குப் புள்ளியும் கொம்பும் முளைத்தாற்போன்ற பெயர்களாக இருந்தன. “சார், வைரஸ் புகுந்துவிட்டதோ?” என்று பக்கத்திலிருந்த பையன் கேட்டான். வைரஸ் அல்ல, யூனிகோடு பரவுவதற்கு முன்னால், திஸ்கி, டாப் என்றும், ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு ஃபான்ட் என்றும் தமிழ் சிதறிக் கிடந்த காலத்தின் சுவடு அது. அந்தக் குறியேற்றங்களில் தமிழெழுத்து அமர்ந்திருந்த எண்களையெல்லாம் விண்டோஸ் மேனாட்டு எழுத்துகளாக வாசித்துவிட்டது. தலைப்பு சிதைந்ததே தவிர, உள்ளிருந்த முகவரி அட்சரம் பிசகாமல் இருந்தது.

முகவரி இருந்து என்ன பயன், பக்கமே போயிருக்குமே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளுக்குப் பிறகு இல்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் தெரிவித்தது. தமிழார்வலர் பலர் இலவசமாக வலைப்பக்கம் என்னும் வீடு கட்டிக் குடியிருந்த ஜியோசிட்டீஸை 2009 அக்டோபரில் யாஹூ மூடியபோது, ஒரு நகரமே போயிற்று. ஆனால் 1996-இல் புரூஸ்டர் கேல் நிறுவிய இன்டர்நெட் ஆர்க்கைவ், அப்படி மறைந்த பக்கங்களில் எண்ணற்றவற்றைப் படியெடுத்து வைத்திருக்கிறது. அதன் ‘வேபேக் மெஷி’னில் பழைய முகவரியை இட்டால், அது பத்திரப்படுத்திய நாளில் அந்தப் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே எதிரில் வந்து நிற்கும். துல்லியமான முகவரி இல்லாதவருக்கோ அந்தப் பொக்கிஷத்தின் கதவு சுலபத்தில் திறப்பதில்லை. புக்மார்க்கின் பெறுமானம் பக்கம் இருக்கும் வரையில்தான் என்று நினைத்தவர்களுக்கு இது நேர்விரோதமான பதில்: பக்கம் போன பிறகுதான் அந்த முகவரிக்கு உண்மையான விலை ஏறுகிறது. ஆசிரியருடைய ஜாபிதாவில் சில முகவரிகளுக்கு ஆர்க்கைவிலும் விமோசனம் கிடைக்கவில்லை. சில, வேறு எவரும் நினைவில் வைத்திராத கட்டுரைகளைத் திருப்பிக் கொடுத்தன. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் மட்டும், முகவரி மாறியும் தன் நூல்களைக் கைவிடாமல் இன்றும் நடைபெறுகிறது.

ஆதலால், பரணைச் சுத்தம் செய்து பழைய பெட்டியைக் காயலான் கடைக்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன்னால், அதிலுள்ள டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். நாளாக நாளாக அது சுழல மறுக்கும் அபாயம் கூடிக்கொண்டே போகும். புக்மார்க்குகளை எடுத்தான பின்பு, சேமித்த பாஸ்வேர்டுகளும் அதே டிஸ்க்கில் இருக்கின்றன என்பதை நினைத்து, முழுவதும் அழித்தோ துளையிட்டோ அப்புறப்படுத்துங்கள். இப்போது உபயோகத்தில் இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்தும் ஆண்டுக்கு ஒரு முறையாவது எச்.டி.எம்.எல். கோப்பு ஒன்றை எக்ஸ்போர்ட் செய்து, வேறோர் இடத்தில் வைத்துவிடுங்கள்.