தகுதியும் வாய்ப்பும்

ஒலிம்பிக், உலகக் கிண்ணம் போன்ற அனைத்துலகக் காற்பந்துப் போட்டிகளில் விரும்பிய நாடெல்லாம் நேரே களமிறங்கிவிட முடியாது. முதலில் தத்தம் வட்டாரத்தில் தகுதிச் சுற்றில் வென்றாக வேண்டும்.

நம் மலேசியா அவ்வாறு இருமுறை ஒலிம்பிக் காற்பந்துக்குத் தகுதி பெற்றது. 1972-இல் எம். சந்திரன் தலைமையில் மியூனிக் சென்று, அமெரிக்காவை 3-0 என வென்றது. பின்னர் 1980 ஏப்ரலில், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வீழ்த்தி, மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. சோ சின் ஆன் தலைமை தாங்கிய அக்குழுவின் கோல் காவலர், 'ஸ்பைடர்மேன்' எனப் புகழப்பெற்ற சிலாங்கூர் வீரர் ஆர். ஆறுமுகம். வெற்றிக் கோலை அடித்தவர் ஜேம்ஸ் வோங்.

ஆயினும் அவர்கள் மாஸ்கோ செல்லவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து, மலேசியா உட்படப் பல நாடுகள் அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்தன.

காலம் சுழன்றது. 2018-இல் உலகக் கிண்ணப் போட்டியை நடத்திய ரஷ்யா, 2022-இல் உக்ரேன் மீது படையெடுத்ததால் அனைத்துலகப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டது. அன்று கோலாலம்பூர் இரசிகர் உற்ற ஏமாற்றத்தை மாஸ்கோ இரசிகரும் உற்றார். போர் தொடுப்போர் வேறு, பந்து உதைப்போர் வேறு. இழப்போ இவர்களையும் சேர்கிறது.

அவ்வாறாயின் நம் வீரர்களின் உழைப்பு வீணோ? அன்று. வாய்ப்பு தவறியது; தகுதி தவறவில்லை. நாற்பதாண்டு கடந்தும் அவர்தம் பெயர்களை நாம் நினைவுகூர்கின்றோம்.

பெற்றோரே, பாடம் முடித்துத் திடலுக்கு ஓடும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். வாய்ப்பு பிறர் கையில் இருக்கலாம். தகுதியைத் தேடிக்கொள்வது நம் கையில் உள்ளது.